சமாதானம் என்ற சொல்லும் பாக் விரிகுடாவும்



அமைதியைப் பற்றியும் மனித உயிரின் மாண்பைப் பற்றியும் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்பது இன்றைக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு. புதுக்கோட்டையில் இந்தத் தலைப்பைப் பேசுகிறவர் வழக்கமாக ஆவூர்ப் பெரியநாயகி மாதா கோவிலில் தொடங்கி, வீரமாமுனிவர் வழியாக நல்லிணக்கத்துக்கு வந்து முடிப்பார். அது நல்ல வழிதான். நான் கிழக்கே போக விரும்புகிறேன். தொண்டைமான் சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோதுதான் அறந்தாங்கிப் பக்கத்தோடு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளும் நமக்கு வந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் பாக் விரிகுடாவில் எல்லைக்கோடு வரைந்தன, கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. ஆக, நமக்குக் கடல் கிடைத்த ஆண்டும் அந்தக் கடலில் கோடு விழுந்த ஆண்டும் ஒன்று. கிறிஸ்தவப் போதனையை நம் மாவட்டத்தில் உரசிப் பார்க்க அந்தக் கோட்டைவிடப் பொருத்தமான கல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இந்த ஒரு பொருளுக்கு இரண்டு சொற்கள் உண்டு. சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய வேதாகமம் ‘சமாதானம்’ என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘அமைதி’ என்கிறது. மூலத்திலுள்ள எபிரேயச் சொல் ஷாலோம். இரண்டும் சரியான மொழிபெயர்ப்புகளே. ஆனாலும் தமிழ்க் காதில் அவை ஒன்றாக ஒலிப்பதில்லை. அமைதி என்றால் சத்தமில்லாமை. வகுப்பறையில் ஆசிரியர் கேட்பதும் நூலகச் சுவரில் எழுதியிருப்பதும் அதுதான். சமாதானம் என்று சொன்னாலோ, அங்கே ஒரு சண்டை நடந்திருக்க வேண்டும், இரண்டு தரப்பு இருக்க வேண்டும், நடுவில் யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் நடப்பதைச் சமாதானக் கூட்டம் என்கிறோம். அங்கே ஒருவர் பாதையை விட்டுத்தருகிறார், இன்னொருவர் வழக்கைத் திரும்பப் பெறுகிறார், ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஷாலோம் என்ற சொல்லின் வேரும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. முழுமை என்பது அதன் அடிப்படைப் பொருள். பட்ட கடனையும் செய்த சேதத்தையும் ஈடுகட்டுவதைக் குறிக்கும் வினைச்சொல்லும் அதே வேரில் பிறந்தது. எனவே கணக்கு தீராத இடத்தில் நிலவும் அமைதியை வேதாகமம் சமாதானமாக ஏற்பதில்லை. காயத்தை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னவர்களை எரேமியா தீர்க்கதரிசி கடிந்துகொண்டது இதற்காகத்தான்.

இனி மாண்பு. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்பது ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. அந்தச் சாயல் குலத்துக்கோ நாட்டுக்கோ மதத்துக்கோ தரப்பட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. இந்த ஒரு கருத்திலிருந்து நடைமுறை முடிவுகளை எடுக்கத் திருச்சபைக்கு வெகுகாலம் பிடித்தது. கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகம் அணுப் போரின் விளிம்பைத் தொட்டுத் திரும்பிய ஆறாவது மாதம், 1963 ஏப்ரல் 11 அன்று, திருத்தந்தை இருபத்துமூன்றாம் ஜான் ‘அவனியில் அமைதி’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். கத்தோலிக்கரோடு நிறுத்திக்கொள்ளாமல் நல்லெண்ணம் கொண்ட எல்லா மனிதரையும் விளித்து எழுதப்பட்ட மடல் அது. ஆயுதக் குறைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அது மனித உரிமைகளை வரிசைப்படுத்துகிறது. உயிர்வாழும் உரிமையைச் சொன்ன கையோடு உணவு, உடை, உறைவிடம், ஓய்வு, மருத்துவம் ஆகியவற்றையும் அதே மூச்சில் சொல்கிறது. உயிரை ஒரு பக்கமும் பிழைப்பை இன்னொரு பக்கமும் வைக்க அது இடம் தரவில்லை. வலையை அறுத்துவிட்டு ‘ஆளைக் கொல்லவில்லையே’ என்று சொல்கிறவருக்கு அந்த வரிசைதான் பதில். 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல், மக்களின் முன்னேற்றத்தைப் பற்றிய தம் மடலில், ஏழை நாடுகளின் வளர்ச்சியே அமைதியின் இன்றைய வடிவம் என்ற கருத்தை முன்வைத்தார். 1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகளின் மன்றம் நீதி, அமைதி, படைப்பின் நலம் மூன்றையும் ஒரே கடமையாகச் சேர்த்துக் கட்டியது. இவற்றின் சாரத்தை இரண்டாகச் சொல்லலாம். உயிரின் மாண்பைக் கரை பார்த்துப் பங்கிட முடியாது. ஈடு செய்யாமல் சமாதானம் வராது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நம் கரைக்குப் போவோம்.

2011 ஜனவரியில் ஜெகதாப்பட்டினத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு ஒன்று நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. அதிலிருந்த நான்கு பேரும் பிணமாகத் திரும்பினார்கள். கடற்படை அதை விபத்து என்றது, இங்குள்ளவர்கள் கொலை என்றார்கள். அந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழர். அவர் அகதியாக இருந்தது இந்தக் கரையில், அவருடைய சொந்த நாடு அந்தக் கரை, உயிர் போனது இரண்டுக்கும் நடுவில். அதே ஆண்டு அக்டோபரில் கோட்டைப்பட்டினத்து மீனவர் இன்னொருவர் அதே விதமாக இறந்தார். கிறிஸ்தவப் போதனை இதைப் பற்றிச் சொல்வதில் குழப்பமே இல்லை. எல்லை தாண்டுவது சட்டமீறலாக இருக்கலாம். அதற்குப் படகைப் பிடிக்கலாம், நீதிமன்றத்தில் நிறுத்தலாம். ஆயுதமில்லாத கூலித் தொழிலாளியின் உயிர் எந்த எல்லைக்கோட்டுக்கும் விலை ஆகாது. இதுவரை நாம் எல்லோரும் ஒத்துப்போவோம். கைதட்டலும் கிடைக்கும். போதனை இத்தோடு நிற்பதில்லை என்பதுதான் சங்கடம்.

எதிர்க்கரையின் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 1983க்குப் பிறகு போர் நடந்த ஆண்டுகளில் வடபகுதித் தமிழ் மீனவர்கள் மீது கடல் தடைகள் விழுந்தன. பல காலம் கரையோரத்தைத் தாண்டிப் போக முடியாது; இரவில் தொழில் கிடையாது; இடம்பெயர்ந்தவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அவர்கள் கரையில் முடங்கியிருந்த காலத்தில் நம் விசைப்படகுகளின் எண்ணிக்கை பெருகியது, அவர்கள் போக முடியாத கடலில் நாம் இழுவை மடி வலை இழுத்தோம். 2009இல் போர் முடிந்து, கடன் வாங்கிச் சிறு ஃபைபர் படகும் நண்டு வலையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, விரித்த வலை காலையில் இருப்பதில்லை. இரவில் வந்த இழுவைப் படகுகளின் மடி அதை வாரிக்கொண்டு போயிருக்கும். 2022 ஜனவரி இறுதியில் வடமராட்சிக் கிழக்கில் தொழிலுக்குப் போன இருவர் சடலமாகக் கரை ஒதுங்கினார்கள். இந்திய இழுவைப் படகு மோதியதே காரணம் என்று அங்குள்ள மீனவர்கள் நாட்கணக்கில் போராடினார்கள். 2024 ஜூனில் இந்தியப் படகு ஒன்றைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் உயிரிழந்தார். கோட்டைப்பட்டினத்தில் விழுந்த பிணத்தை எண்ணுகிற விரல்கள் இந்தப் பிணங்களையும் எண்ணியாக வேண்டும். கடவுளின் சாயல் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டவருக்கு இதில் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது.

இழுவை மடியைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். பை போன்ற நீண்ட வலை. அதன் வாய் மூடாதபடி இருபுறமும் கனத்த பலகைகள். அடிக்கயிற்றில் ஈயமோ சங்கிலியோ. எஞ்சின் இழுக்க இழுக்கப் பலகைகள் விலகி வாயைத் திறந்து வைக்கும், சங்கிலி கடலடியைச் சுரண்டிக்கொண்டே போகும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். அடியில் விரிந்து கிடப்பது கடற்புல் மேய்ச்சல். இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும் இடம் அது. மடியைத் தளத்தில் அவிழ்த்துக் கொட்டினால் இறாலும் கணவாயும் ஒரு பங்கு. மற்றது சங்காயம், அதாவது கோழித்தீவனத்துக்குப் போகிற பொடி மீன். நாளை மீனாகி வலைக்கு வர வேண்டியது. இந்த வலையை நம் மீனவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1950களில் நார்வே நாட்டின் உதவியோடு கேரளக் கரைக்கு வந்த நவீனமயத் திட்டத்திலும், இறால் ஏற்றுமதி தந்த பணத்திலும், அரசு கொடுத்த மானியத்திலும் அது கரை கரையாகப் பரவியது. வளர்ச்சி என்ற பெயரில் வந்த வலை அது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. கடற்பசு தின்பது அந்தக் கடற்புல்லைத்தான். ஒரே அரசு ஒரு கையால் புல்லைக் காக்கிறது, மறு கையால் அதைச் சுரண்டும் தொழிலுக்கு டீசல் மானியம் தருகிறது.

வேதாகமத்தில் இந்த வழக்குக்கு மிக நெருங்கிய வழக்கு ஒன்று இருக்கிறது. ஆபிரகாமும் அவருடைய சகோதரனின் மகன் லோத்துவும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் மந்தை ஓட்டினார்கள். மந்தைகள் பெருகின, நிலம் போதவில்லை, மேய்ப்பர்களுக்குள் அடிதடி. ஆபிரகாம் மூத்தவர், மந்தையும் ஆட்களும் அதிகம், நிலமே அவருக்கு வாக்களிக்கப்பட்டது. உரிமை பேசியிருந்தால் ஜெயித்திருப்பார். அவர் லோத்துவை அழைத்து, நாம் உறவுக்காரர்கள், நமக்குள் தகராறு வேண்டாம், எந்தப் பக்கம் வேண்டுமோ நீயே முதலில் எடுத்துக்கொள் என்கிறார். வலியவர் முதலில் விட்டுக்கொடுத்ததால் அங்கே சமாதானம் பிறந்தது. ஆபிரகாமைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை; யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூவருக்கும் அவரே தகப்பன். இதற்கு எதிர்ப்பக்கத்தில் நாத்தான் தாவீது அரசனிடம் சொன்ன கதை நிற்கிறது. ஏராளமான ஆடுகளை வைத்திருந்த பணக்காரன், விருந்து சமைக்க, ஏழையிடமிருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துப் போனான். கதையைக் கேட்டுக் கொதித்த தாவீது, அந்த மனிதன் தானேதான் என்று பிறகு உணர்ந்தான். பாக் விரிகுடாவின் நடுவில் இந்த இரண்டு கதைகளும் நம்மைப் பார்த்துக் கொண்டிருக்கின்றன. கடற்படையின் துப்பாக்கி முன் நாம் ஏழை. நண்டு வலைக்காரர் முன் நாமே பணக்காரன்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத உபதேசம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2010 ஆகஸ்டில் வட இலங்கை மீனவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து இங்குள்ள மீனவர்களோடு நேருக்கு நேர் பேசினார்கள். இழுவை மடியை ஓராண்டுக்குள் நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும், அவர்கள் கரையிலிருந்து விலகி நின்று தொழில் செய்வது என்று சென்னையில் உடன்பாடு எழுதினார்கள். வலை அறுபட்டவர்களே நமக்கு ஓராண்டு தவணை கொடுத்தார்கள். இரண்டு அரசுகளும் அதற்கு முத்திரை வைக்கவில்லை, அது காகிதமாகவே நின்றது. 2016 நவம்பரில் புதுதில்லியில் கூடிய இரு அரசுகளும் இழுவை மடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டன. 2017இல் இலங்கை தன் நாட்டில் அதைச் சட்டத்தால் தடை செய்தது. நம் கரையிலேயே இன்னொரு சான்றும் உண்டு. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வெட்டுக்குத்து நடந்த காலம் இருந்தது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை அந்தச் சண்டையைத் தணித்தது. மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடையில் பலித்த சமாதானம் கோட்டைப்பட்டினத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் பலிக்காது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். கச்சத்தீவைக் கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம், அதை மீட்டால் பிரச்சினை தீரும் என்பது முதலாவது. 1974 உடன்பாடும் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்திய 1976 கடிதங்களும் மீனவர்களைக் கேட்காமல் முடிவானவை என்பது உண்மை. அந்தக் குறை நியாயமானது. ஆனால் கச்சத்தீவு 285 ஏக்கர். நம் படகுகள் பிடிபடுவது அதன் கரையில் மட்டுமா? நெடுந்தீவையும் தாண்டி யாழ்ப்பாணக் கரையோரம் வரை அல்லவா பிடிபடுகின்றன? தீவு நாளையே நம் கைக்கு வந்தாலும் அடுத்த நாள் இரவு அதே மடி அதே நண்டு வலையை வாரும். பாரம்பரிய உரிமை என்று நாம் சொல்வது நம் பாட்டனாரின் பாய்மரத்துக்கும் தூண்டிலுக்கும் உரியது. அந்த உரிமையை எஞ்சினும் இரும்புப் பலகையும் பூட்டிய மடிக்கு மாற்றி எழுதிக்கொள்ள முடியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. விசைப்படகில் போகிறவர் பணக்காரர் இல்லை, பங்குக்கூலி வாங்குகிற ஏழை. படகு உரிமையாளரும் வட்டிக்காரரிடம் மாட்டியிருக்கிறார். இவர்களிடம் விட்டுக்கொடுக்கச் சொல்வது என்ன நீதி என்று கேட்கிறார்கள். கேள்வி சரி. இலங்கைச் சிறையில் இருக்கிறவர் பெரும்பாலும் கூலிக்குப் போனவர்தான். அதனால்தான் ஈடு என்ற சொல்லை முதலிலேயே வைத்தேன். இந்த மடியை ஊட்டி வளர்த்தது அரசு. அதிலிருந்து விலகும் செலவையும் அரசே முதலில் சுமக்க வேண்டும். 2017 ஜூலையில் ராமேசுவரத்தில் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டத்தில் நம் மாவட்டமும் உண்டு. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு, மீதி வங்கிக் கடனும் மீனவர் பணமும் என்று கணக்கு. மூன்று ஆண்டில் 2,000 படகு இலக்கு. இலக்குக்கு அருகில்கூட அது போகவில்லை. ஒரு நாள் தொழில் செய்து மறுநாள் கரைக்கு வந்து பழகியவரை வாரக்கணக்கில் சூரை தேடி ஆழ்கடலில் நிற்கச் சொன்னோம். பயிற்சியும் கடனும் சந்தையும் அதற்கேற்ப வரவில்லை. படகைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கூலிக்காரரின் இடைக்கால வருமானத்துக்கும் வழி செய்யாத எந்தத் திட்டமும் மாண்பைப் பற்றிப் பேசும் தகுதி பெறாது.

மீன்பிடித் தொழிலில் மதத்துக்கு என்ன வேலை, அதிலும் முஸ்லிம்களும் இந்துக்களும் மிகுந்த கரையில் கிறிஸ்தவத்துக்கு என்ன வேலை என்பது மூன்றாவது. இதே கடலில் சிலுவை பீரங்கியோடு வந்த வரலாறும் உண்டு. போர்ச்சுக்கீசியர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது ஜெபமாலையால் அல்ல. அதை மறைத்துவிட்டு அமைதியைப் போதிக்கத் திருச்சபைக்கு உரிமை கிடையாது. போதனையின் அதிகாரத்தை நம்பி ஏற்கும்படி நான் சொல்லவில்லை. அதன் தர்க்கத்தை எடைபோட்டுப் பார்க்கச் சொல்கிறேன். எடை சரியாக இருந்தால் எந்த மதத்தவரும் எடுத்துக்கொள்ளலாம். மேலும், இரண்டு கரை மீனவரும் பகையின்றிக் கூடுகிற மேடை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கச்சத்தீவு அந்தோணியார் கோவில் திருவிழா யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் நடப்பது. கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி, மறுநாள் திருப்பலி. பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரலாம். அங்கே 2016இல் புதிய கோவிலைக் கட்டித் தந்தது, நம் படகுகளைப் பிடிக்கும் அதே இலங்கைக் கடற்படை. 2024இல் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து ராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். கோபம் புரிகிறது. எஞ்சியிருந்த ஒரு பொது முற்றத்தையும் அன்று பூட்டினோம் என்பதும் புரிய வேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பழைய ஏற்பாட்டுச் சட்டம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு விடச் சொன்னது. நாம் கடலுக்கு இரண்டு மாதம் விடுகிறோம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், வலை பிரித்துத் தைக்கப்படும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த தடைக்காலத்தில் கோட்டைப்பட்டினத்தில் ஒரு சமாதானக் கூட்டம் கூட்டுங்கள். ஜமாத்தும் கோவில் நிர்வாகமும் பங்குப் பேரவையும் சேர்ந்து அழையுங்கள். மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் உட்காரட்டும். நெடுந்தீவு, வடமராட்சி, மன்னார் மீனவர்களை வரவழைத்து, அறுந்த வலையோடு வந்திருக்கும் அவர்களை முதலில் பேச விடுங்கள். 2010இல் எழுதிய உடன்பாட்டை நடுவில் வையுங்கள். கடற்படை செய்த கொலைகளுக்கு நீதி கேட்கும் நம் குரல், நம் மடியைச் சுருட்டும் தேதியையும் சேர்த்துச் சொல்லட்டும். பெரிய படகு வைத்திருப்பவர் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். நம் படகு பெரிது.